சிப்பிச் சுவர்கள் கூறும் செய்தி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

ஊரின் பழைய கட்டடங்களைப் பேணுவது குறித்துச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். இத்தலைப்பில் பேசுவோர் வழக்கமாகத் தாஜ்மஹாலையும் ஸ்பெயின் நாட்டின் அல்ஹம்ரா மாளிகையையும் எடுத்துக்காட்டுவர். அவை அரசர்கள் எழுப்பியவை. அரசுகள் காத்து வருபவை. அவற்றைக் கண்டு நாம் வியக்கலாம். ஆனால் ஒரு சிற்றூர் தன் கட்டடங்களைத் தானே எவ்வாறு காத்துக்கொள்வது என்பதை அவற்றிடம் கற்றுக்கொள்ள இயலாது. ஆகவே, பெருநகரங்களை விடுத்து, நம்மைப் போலவே கடலை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூரின் வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டுள்ளோம்.

பியூஃபர்ட் என்னும் ஊர்

அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றான தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன், சவானா எனும் இரு துறைமுக நகரங்களுக்கு இடையே, அட்லாண்டிக் கடலோரத் தீவு ஒன்றின் மீது அமைந்துள்ளது பியூஃபர்ட். 1711-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் நிறுவிய இவ்வூர், சார்ல்ஸ்டனுக்கு அடுத்தபடியாக அம்மாநிலத்தின் இரண்டாவது பழமையான ஊராகும். 2020-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை பதினான்காயிரத்தைக்கூட எட்டவில்லை. நம் பக்கத்து நடுத்தரப் பேரூராட்சி ஒன்றின் அளவே எனலாம்.

இத்துணைச் சிறிய ஊரின் நடுவே ஏறத்தாழ 300 ஏக்கர் நிலப்பரப்பு, 1969-இல் அந்நாட்டின் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1973-இல் அதனினும் உயர்ந்த தகுதியான தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் சிறப்பையும் அப்பகுதி பெற்றது. இச்சிறப்பு ஒரு மாளிகைக்கோ ஒரு கோபுரத்திற்கோ உரியதன்று. தெருக்கள், வீடுகள், வழிபாட்டு இல்லங்கள், கல்லறைகள், நிழல் மரங்கள், ஆற்றங்கரை ஆகிய அனைத்தும் அடங்கிய ஒரு முழு வட்டாரத்திற்கு உரியது. ஒரு வீட்டின் மதிப்பு அவ்வீட்டில் மட்டும் இல்லை, அது நிற்கும் தெருவிலும் இருக்கிறது என்பதே இதன் உட்பொருள்.

அவ்வூரின் பழைய வீடுகளுக்கென ஒரு தனித்த அமைப்பு உண்டு. நிலத்திலிருந்து உயர்த்திய அடித்தளம். தென்திசை நோக்கிய முகப்பு. கீழும் மேலுமாக இரண்டடுக்குத் தாழ்வாரம். காற்று ஊடுருவிச் செல்லும் வகையில் அமைந்த அறைகள். கோடையின் வெம்மையும் கடலின் ஈரமும் பொங்கிவரும் வெள்ளமும் கற்றுத்தந்த கட்டடக்கலை அது. மின்விசிறி தோன்றாத காலத்தில் காற்றை வீட்டிற்குள் அழைத்துவரத் தெரிந்தவர்களின் அறிவு அது. தாழ்வாரமும் முற்றமும் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

சிப்பியால் எழுந்த சுவர்

அக்கடற்கரையில் கல் கிடையாது. மலையும் இல்லை, பாறையும் இல்லை. கிடைத்தவை மணலும் சிப்பியுமே. ஆளி எனப்படும் சிப்பியை உண்டு, அதன் ஓடுகளைச் செவ்விந்தியப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் குவித்துவைத்த மேடுகள் கரையெங்கும் இருந்தன. அந்த ஓடுகளின் ஒரு பகுதியை விறகுடன் அடுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர். அச்சுண்ணாம்புடன் மணலும் சுடாத முழு ஓடுகளும் நீரும் கலந்து, இருபுறமும் பலகை அடைத்து, அதனுள் கொட்டி இடித்து இறுக்கினர். ஒரு வரிசை உலர்ந்த பின் பலகையை உயர்த்தி, அதன்மேல் அடுத்த வரிசையை எழுப்பினர். இவ்வாறு எழுந்த சுவருக்கு 'டாபி' என்று பெயர்.

பலகை அடைத்து மண்ணை இடித்துச் சுவர் எழுப்பும் முறைக்கு மொராக்கோ முதலான மக்ரிப் நாடுகளின் அரபியில் 'தாபியா' என்றும், ஸ்பானிய மொழியில் 'தாப்பியா' என்றும் பெயர் வழங்குவது இங்கு எண்ணத்தக்கது. நம் கடற்கரையிலும் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே பழைய பள்ளிவாசல்களின் சுவர்களைப் பிணைத்து நிற்கிறது. கடல்கள் வேறாயினும் கடலோர மக்களின் கைத்திறன் ஒன்றையொன்று ஒத்திருக்கிறது.

பியூஃபர்ட் ஊரின் ஆயுதக் கிடங்கு 1798-இல் எழுப்பப்பட்டு 1852-இல் திருத்திக் கட்டப்பெற்றது. அதன் சுவர்களில் டாபியைக் காணலாம். இன்று அக்கட்டடம் ஊரின் வரலாற்று அருங்காட்சியகமாகப் பயன்படுகிறது. அருகிலுள்ள போர்ட் ராயல் என்னுமிடத்தில் 1730-களில் கட்டப்பட்ட கோட்டை ஒன்றின் டாபிச் சுவர்கள், அலை மோத மோத இன்னமும் எஞ்சி நிற்கின்றன.

சுவர் எழுப்பிய கைகள்

இங்கு ஒரு வினாவை எழுப்பியே ஆகவேண்டும். இச்சுவர்களை எழுப்பியவர் யாவர்?

1790-களிலிருந்து அத்தீவுகளில் நீண்ட இழை கொண்ட 'கடல்தீவுப் பருத்தி' பயிராயிற்று. அப்பருத்தியால் பியூஃபர்ட் தோட்ட முதலாளிகள் பெருஞ்செல்வம் ஈட்டினர். ஆற்றங்கரை மாளிகைகள் அச்செல்வத்தில் எழுந்தவை. ஆனால் பருத்தியைப் பறித்தவர்களும், சிப்பியைச் சுட்டவர்களும், சுவரை இடித்து இறுக்கியவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்துவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. மாளிகையின் வாயிலில் முதலாளியின் பெயர் பொறிக்கப்பட்டது. சுவரை எழுப்பியவரின் பெயரோ எங்கும் பொறிக்கப்படவில்லை.

அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். அதே கடற்கரையில் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த சப்பலோ என்னும் தீவில், தாமஸ் ஸ்பால்டிங் என்ற தோட்ட முதலாளி டாபிக் கட்டுமானத்தைப் பெரிதும் வளர்த்தார். அவருடைய தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்தவர், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பிலாலி முஹம்மத் என்பவர். அவர் தம் கையால் அரபியில் எழுதிய சுவடி ஒன்று இன்று ஜார்ஜியப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. உளூ, பாங்கு, தொழுகை ஆகியவை பற்றி மாலிகி மத்ஹபின் நூலொன்றைத் தழுவி, நினைவிலிருந்து எழுதப்பட்ட பதின்மூன்று பக்கச் சுவடி அது. நூலகமும் இல்லை, மத்ரஸாவும் இல்லை, விடுதலையும் இல்லை. எனினும் தாம் கற்றதை அவர் எழுதிவைத்தார். சுவர்கள் தம்மை எழுப்பியவர்களைப் பற்றி எதுவும் கூறாதபோது, இத்தகைய ஏடுகளே அவர்களுக்காகப் பேசுகின்றன.

போர் வந்தும் எரியாத ஊர்

அடிமை முறையை முன்னிட்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது 1861-இல். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள் வடவர் கடற்படை போர்ட் ராயல் கடற்கழியைக் கைப்பற்றியது. செய்தி எட்டியதும் பியூஃபர்ட்டின் வெள்ளை முதலாளிகள் வீடு வாசல்களை விட்டு ஓடினர். ஏறத்தாழ பத்தாயிரம் அடிமைகள் அத்தீவுகளிலேயே தங்கிவிட்டனர்.

தெற்கின் பல நகரங்கள் அப்போரில் தீக்கிரையாயின. பியூஃபர்ட் எரியவில்லை. தொடக்கத்திலேயே வடவர் வசம் வந்துவிட்டதால், வீடுகள் படை அலுவலகங்களாகவும் மருத்துவமனைகளாகவும் ஆக்கப்பட்டன. 1724-ஆம் ஆண்டுக் கட்டடமான புனித ஹெலீனா தேவாலயமும் மருத்துவமனையாயிற்று. அதன் முற்றத்துக் கல்லறைக் கற்களைப் பெயர்த்து, அறுவை மேசைகளாகப் பயன்படுத்தினர் என்று அவ்வூரார் கூறுவர். கட்டடங்கள் பிழைத்தன, எனினும் அவற்றின் உரிமையாளர்கள் மாறினர். இம்மாற்றமே இவ்வூரின் வரலாற்றில் நாம் பெரிதும் கவனிக்க வேண்டிய பகுதி.

அடிமை வாங்கிய வீடு

1839-இல் அவ்வூரின் பிரின்ஸ் தெருவில், முதலாளி வீட்டின் பின்புறக் குடிசையில் பிறந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். பிறப்பால் அடிமை. பின்னர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்டர்' என்னும் கப்பலில் பணிபுரிந்து, கப்பல் செலுத்தும் திறனைப் பெற்றார். 1862 மே 13-ஆம் நாள் விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த வேளையில், தம் குடும்பத்தாரையும் உடன் பணியாற்றியோரையும் ஏற்றிக்கொண்டு அக்கப்பலைத் தாமே செலுத்தினார். வழியிலிருந்த கோட்டைகளுக்குரிய அடையாள ஒலிகளை முறைப்படி எழுப்பியபடி அவற்றைக் கடந்து, வடவர் கப்பற்படையிடம் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

ஊரைவிட்டு ஓடிய முதலாளிகள் வரி செலுத்தவில்லை. அவர்தம் வீடுகளைக் கூட்டாட்சி அரசு வரி பாக்கிக்காக ஏலத்தில் விட்டது. அந்த ஏலத்தில், தாம் எந்த வீட்டின் பின்புறத்தில் அடிமையாகப் பிறந்தாரோ அந்த வீட்டையே ஸ்மால்ஸ் விலைக்கு வாங்கினார். போர் முடிந்தபின் அவ்வீட்டின் முன்னாள் உரிமையாளர் தரப்பு, ஏலம் செல்லாது என வழக்குத் தொடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1878-இல் ஸ்மால்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு அவருக்கு மட்டும் பயன்பட்டதன்று. அதேபோன்ற ஏலங்களில் நிலமும் வீடும் வாங்கியிருந்த ஏனையோரின் உரிமைக்கும் அது அரணாயிற்று.

ஸ்மால்ஸ் பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். தென் கரோலினாவின் 1868-ஆம் ஆண்டு அரசமைப்பு மன்றத்தில் உறுப்பினராக இருந்து, அனைவருக்கும் இலவசப் பொதுக்கல்வி வேண்டுமென வாதாடினார். முன்னாள் முதலாளியின் மனைவி முதுமையில் நினைவு தடுமாறித் தம் பழைய வீட்டிற்கு வந்தபோது, அவரை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார் என்று ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு. 1915-இல் அவ்வீட்டிலேயே அவர் காலமானார். அவ்வீடு இன்றும் நிற்கிறது; 1974-இல் தனியே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சகோதரர்களே, அவ்வீட்டைவிட அழகிய வீடுகள் அவ்வூரில் பல உள்ளன. ஆனால் அதைவிடப் பொருள் பொதிந்த வீடு ஒன்றும் இல்லை. தூண்களின் உயரம் கட்டடத்தின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை. அதனுள் வாழ்ந்தோரின் வாழ்வே தீர்மானிக்கிறது.

மாடத்திலிருந்து கூடத்திற்கு

பியூஃபர்ட்டை அடுத்த செயின்ட் ஹெலீனா தீவில் செங்கல் தேவாலயம் ஒன்று உண்டு. 1855-இல் அடிமைகளே அதனைக் கட்டினர். கட்டி முடித்தபின் அவர்களுக்கு அதன் மேல்மாடத்தில் மட்டுமே இடம் தரப்பட்டது. ஆறாண்டுகளில் முதலாளிகள் ஓடியபோது, கட்டியவர்கள் மாடத்திலிருந்து கூடத்திற்கு இறங்கிவந்தனர். 1862-இல் விடுதலை பெற்றோருக்காகத் தொடங்கப்பட்ட பென் பள்ளியின் வகுப்புகள் அத்தேவாலயத்தில் நடந்தன. எழுத்தறிவு தடைசெய்யப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகள் அங்கே எழுத்துக் கூட்டிப் படித்தனர். அப்பள்ளி 1948 வரை நடைபெற்றது. 1960-களில் மார்ட்டின் லூதர் கிங் தம் இயக்கத்தாருடன் அங்கே தங்கிக் கலந்தாலோசித்தார். அவ்வளாகமும் 1974-இல் வரலாற்றுச் சின்னமாயிற்று.

இவ்வளவு நிகழ்ந்தும், விடுதலைக்குப் பிந்திய அக்காலத்தைப் போற்றும் தேசிய நினைவிடம் ஒன்றை அங்கு அமைக்க நெடுங்காலம் இயலவில்லை. 2000-களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட முயற்சி, எதிர்ப்பின் காரணமாக நின்றுபோயிற்று. 2017 ஜனவரி 12-ஆம் நாள்தான் அதிபர் ஒபாமா அதனைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 2019-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாக உயர்ந்தது. பியூஃபர்ட்டின் பழைய தீயணைப்பு நிலையமே இன்று அதன் வரவேற்பு மையம். ஸ்மால்ஸ் அடக்கம் செய்யப்பட்டுள்ள தேவாலய வளாகத்தில், அடிமைகளை விடுவித்த வீராங்கனை ஹாரியட் டப்மனுக்கு 2024-இல் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. மறைக்கப்பட்ட வரலாறு வெளிவர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை அக்கட்டடங்கள் நின்றிருந்ததனால்தான் வெளிவருவதற்கு இடமிருந்தது.

காத்தது எது?

1893 ஆகஸ்டில் வீசிய பெரும்புயல் அத்தீவுகளைச் சூறையாடியது. இறந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் எனக் கணக்கிடுவர். 1907-இல் பெருந்தீ மூண்டு கடைவீதியை அழித்தது. அதன்பின் வறுமை சூழ்ந்தது. வறுமையில் ஒரு நன்மையும் விளைந்தது: பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட எவரிடமும் பொருள் இல்லை. ஆகவே வீடுகள் நின்றன.

ஆனால் வறுமை காத்ததை வளமை அழிக்கும். அடுத்து வந்த காலத்தில் பெட்ரோல் நிலையத்திற்கும் வாகனம் நிறுத்துமிடத்திற்கும் பழைய கட்டடங்களை இடிப்பது அந்நாடெங்கும் வழக்கமாயிற்று. 1804 வாக்கில் எழுந்த வெர்டியர் இல்லம் என்னும் வணிகர் மாளிகை, 1940-களில் இடிக்கத்தக்கது என ஒதுக்கப்பட்டது. ஊர்மக்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து அதனைக் காத்தனர். 1965-இல் பியூஃபர்ட் வரலாற்று அறக்கட்டளை தோன்றியது. நாடாளுமன்றம் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது 1966-இல். சட்டத்திற்கு முன்பே ஊர் விழித்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடம் இடம்பெறுவதால் மட்டும் அது காப்பாற்றப்பட்டுவிடாது. தனியார் தம் பணத்தில் தம் வீட்டை இடிப்பதை அப்பதிவேடு தடுப்பதில்லை. தடுப்பது ஊராட்சியின் சட்டமே. பியூஃபர்ட்டில் அதற்கென ஒரு குழு உண்டு. வரலாற்று வட்டாரத்தினுள் புதிதாகக் கட்டுவதாயினும், இடிப்பதாயினும், முகப்பை மாற்றுவதாயினும் வரைபடத்தை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெறவேண்டும். வேறொரு வழியும் உண்டு. வீட்டு உரிமையாளர் தம் முகப்பை மாற்றும் உரிமையை மட்டும் பத்திரம் எழுதி அறக்கட்டளைக்கு அளித்துவிடுவார். வீடு அவருடையதே, விற்கலாம், வாரிசுகளுக்கு விடலாம். ஆனால் அடுத்து வாங்குபவரையும் அப்பத்திரம் கட்டுப்படுத்தும். வாணிகத்திற்கோ வாடகைக்கோ உரிய பழைய கட்டடத்தை முறைப்படி செப்பனிடுவோருக்கு, செலவில் நூற்றுக்கு இருபது பங்கு அளவிற்குக் கூட்டாட்சி வரியில் கழிவும் கிடைக்கிறது.

சிறிய வீடுகளின் நிலை

இதுவரை கூறியவை வெற்றிகள். இனிக் கூறுவது கவலைக்குரியது.

வரலாற்று வட்டாரத்தின் வடமேற்குப் பகுதியில், விடுதலை பெற்ற மக்கள் தம் உழைப்பில் எழுப்பிய சிறு மரவீடுகள் உள்ளன. இரண்டொரு அறைகள், முன்னே ஒரு தாழ்வாரம், அவ்வளவே. ஆற்றங்கரை மாளிகைகளுக்குச் செல்வர் கிடைத்தனர். சுற்றுலாப் பயணிகள் கிடைத்தனர். இச்சிறு வீடுகளுள் பலவோ பூட்டியே கிடந்து, கூரை இற்று வீழ்ந்தன.

காரணம் அன்பின்மையன்று, ஆவணமின்மையே. பாட்டனார் மரண சாசனம் எழுதாமல் இறந்தார். பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. பேரர்கள் வெவ்வேறு நகரங்களுக்குச் சென்றனர். நான்காம் தலைமுறையில் ஒரு சிறு வீட்டிற்கு ஐம்பது பேர் பங்காளிகளாயினர். தெளிவான உரிமைப் பத்திரம் இல்லாததால் செப்பனிட வங்கி கடன் தருவதில்லை. அரசின் உதவியும் எளிதில் கிட்டுவதில்லை. பங்காளிகளுள் ஒருவர் தம் பங்கை அயலார்க்கு விற்றுவிட்டால், அவ்வயலார் நீதிமன்றம் சென்று முழுச் சொத்தையும் ஏலத்திற்குக் கொண்டுவர இயன்றது. அமெரிக்கத் தென் பகுதியில் கறுப்பின மக்கள் இழந்த நிலங்களுள் கணிசமான பகுதி இவ்வழியே போயிற்று. தென் கரோலினா 2016-இல் ஒரு சட்டம் இயற்றி, அத்தகைய சொத்தை ஏலம் விடுமுன் நடுநிலை மதிப்பீடு செய்யவேண்டும் என்றும், ஏனைய பங்காளிகளே அப்பங்கை வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்பு அளிக்கவேண்டும் என்றும் விதித்தது. நற்சட்டமே, ஆயினும் அது வருமுன் இழந்தவை மீளவில்லை.

செயின்ட் ஹெலீனா தீவு மக்கள் ஒரு படி முன்னே சென்றனர். 1999-இல் அம்மாவட்ட மன்றம் அத்தீவிற்கெனத் தனிவிதி வகுத்தது. அதன்படி அங்கே கோல்ஃப் மைதானமோ, உல்லாச விடுதி வளாகமோ, மதில் எழுப்பிக் காவலாள் நிறுத்திய குடியிருப்போ அமைக்க இயலாது. அண்டைத் தீவுகள் பல அவ்வாறே செல்வர் வசமாகி, பூர்வ குடிகள் தம் மூதாதையரின் கல்லறைகளுக்குச் செல்லவும் வாயிற்காவலரிடம் அனுமதி கேட்கும் நிலை வந்ததைக் கண்ட பின்னரே இவ்விதி பிறந்தது.

நமக்குரிய பாடம்

அன்புச் சகோதரர்களே! பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊரின் கதையை இங்கு கூறக் காரணம் உண்டு.

நம் மஹல்லாவிலும் கிளிஞ்சல் சுண்ணாம்பால் எழுந்த சுவர்கள் உள்ளன. கப்பல் வாணிகத்தில் பொருளீட்டியோர் கட்டிய பெரிய வீடுகளும் உள்ளன. மீன்பிடித்தும், பாய் முடைந்தும், வெளிநாட்டில் கடைச் சிப்பந்தியாய் உழைத்தும் கட்டிய ஓட்டு வீடுகளும் உள்ளன. அவை ஒவ்வொன்றாய் மறைந்து வருவதை நாம் அனைவரும் அறிவோம். எதையும் இடிக்கவே கூடாது என்பது நம் வாதமன்று. பெருகும் குடும்பத்திற்கு இடம் வேண்டும். தொழுகையாளர் பெருகினால் பள்ளிவாசலும் விரிவடைய வேண்டும். ஆராயாமல் இடிப்பதையே நாம் மறுக்கிறோம். இது தொடர்பாக நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, பதிவேடு. மஹல்லாவின் பழைய கட்டடங்கள் அனைத்தையும், பெரியவை சிறியவை என்ற வேறுபாடின்றி, ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். கட்டிய காலம், கட்டியவர், அதனைக் கட்டிய கொத்தனார், தச்சர், வாழ்ந்தோர், புகைப்படம் ஆகியவை அதில் இடம்பெறவேண்டும். முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிடவேண்டும்.

இரண்டாவது, பத்திரம். நம் மார்க்கம் வாரிசுகளின் பங்குகளைத் தெளிவாக வகுத்துத் தந்துள்ளது. வகுத்துத் தந்ததை உரிய காலத்தில் பிரித்து, பத்திரப்பதிவு செய்து, பட்டா மாற்றிக்கொள்ளாததே நம் குறை. பூட்டிக் கிடந்து சரியும் வீடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் பிரிக்கப்படாத பாகமே இருக்கிறது. இதில் குடும்பங்களுக்கு வழிகாட்ட ஆலிம்களும் வழக்கறிஞர்களும் கொண்ட ஒரு சிறு குழுவை ஜமாஅத் அமைக்கலாம். பள்ளிவாசலின் வக்ஃப் ஆவணங்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, செப்பனிடும் முறை. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளிழுக்கும்; வெயிலில் வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுவரை உள்ளிருந்தே அரிக்கும். டாபிச் சுவர்களுக்குச் சிமெண்ட் பூசிய இடங்களில் அமெரிக்கரும் இதே கேட்டைக் கண்டனர். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடவேண்டும். அத்தொழில் அறிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தால் தொழிலும் பிழைக்கும்.

நான்காவது, பயன்பாடு. பியூஃபர்ட்டின் ஆயுதக் கிடங்கு அருங்காட்சியகமாயிற்று. தீயணைப்பு நிலையம் வரவேற்பு மையமாயிற்று. ஆள் புழங்கும் வீடே நிலைக்கும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றை அதன் உரிமையாளர்கள் மனமுவந்து அளித்தால், அதனை நூலகமாகவோ, பெண்களுக்கான தையற் பயிற்சிக்கூடமாகவோ, மாணவர் படிப்பகமாகவோ ஆக்கலாம்.

பெரியோர்களே, சிப்பியும் மணலும் கலந்த சுவர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நிற்கிறது. அச்சுவர் தானாக நிற்கவில்லை. ஏலத்தில் எடுத்து, வழக்காடி நிலைநிறுத்தியவர் ஒருவர். இடிக்கவிருந்ததைத் தடுத்தவர் சிலர். தமக்கு இடமளிக்காத கட்டடத்தையும் தம் பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக ஆக்கிக்கொண்டவர் பலர். அதேவேளையில், பத்திரம் இல்லாததால் சரிந்துபோன சிறு வீடுகளும் அவ்வூரிலேயே உள்ளன. இவ்விரண்டில் எவ்வழியில் நம் மஹல்லா செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அரசிடம் இல்லை. இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் நம்மிடமே இருக்கிறது. வரும் ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கினை அடுத்து, நம் மஹல்லாவின் பழைய கட்டடங்களின் பதிவேடும் இடம்பெற வேண்டுமென நிர்வாகத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நம் முன்னோர் நம்மிடம் விட்டுச்சென்றவை அமானிதங்கள். அவற்றைப் பேணி, அடுத்த தலைமுறையிடம் குறைவின்றி ஒப்படைக்கும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.